ஃபார்மேட் செய்வதுதான் தீர்வா?

ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் எங்கள் வகுப்புப் புலனக் குழுவில் ஒரே மாதிரியான செய்திகள் வரும். "சிஸ்டத்தை அப்கிரேட் செய்தேன், இப்போது பைத்தான் ஓடவில்லை" என்று ஒருவர் எழுதுவார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்: "கடையில் கொடுத்து ஃபார்மேட் பண்ணிவிடு."

இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம்மில் பலருக்கு இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அதுவும் அக்காவோ அண்ணனோ படித்து முடித்துவிட்டுக் கொடுத்ததாக இருக்கும். ஃபார்மேட் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். கணினி திரும்பி வர ஓரிரு நாள் ஆகும். சேமித்து வைக்காத இடுபணிகள் போயே போய்விடும். இத்தனைக்கும் பெரும்பாலான நேரங்களில் கணினி கெட்டுப்போயிருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று திரையிலேயே எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் இப்போது அதிகமாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. அதனால் சிலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் போனார்கள். அங்கே மென்பொருளை இறக்கித் தருவது பேக்கேஜ் மேனேஜர். ஒரு மென்பொருளைக் கேட்டால், அது இயங்கத் தேவையான மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். உபுண்டுவில் ஏபிடி, மேக் கணினியில் ஹோம்பிரூ, பைத்தானுக்கு பிப். இயங்குதளம் மாறும்போது இந்தக் கணக்கில்தான் குழப்பம் வருகிறது.

உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம். பழையதில் இருந்தது பைத்தான் 3.10, புதியதில் இருப்பது 3.12. நாம் பிப் மூலம் இறக்கியவை 3.10 என்ற பெயருள்ள கோப்புறையில் அப்படியே இருக்கும். 3.12 அந்தக் கோப்புறையைப் பார்க்காது. ஆகவே நேற்று வரை ஓடிய நிரல் இன்று "மாட்யூல் இல்லை" என்கிறது. எதுவும் அழியவில்லை. தேடும் இடம் மாறிவிட்டது.

சரி, மறுபடியும் பிப் மூலம் இறக்கலாம் என்று போனால், "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று பிழை வரும். இயங்குதளத்தின் சில கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. நாம் கண்டபடி மாற்றினால் அவை நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பூட்டு. அந்தப் பிழைச் செய்தியே வழியையும் சொல்கிறது: ஏபிடி மூலம் இறக்கு, இல்லையென்றால் 'வென்வ்' என்ற தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் இறக்கு. கடைசியில் '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற ஒரு வழியையும் குறிப்பிடுகிறது. 'சிஸ்டத்தை உடை' என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் புலனக் குழுவில் வேகமாகப் பரவுவது அந்த வரிதான்! ஏஐ செயலி சொன்னது என்று ஒருவர் அனுப்ப, பத்துப் பேர் அதை அப்படியே ஒட்டுகிறார்கள்.

இன்னொன்றும் நடக்கும். உபுண்டுவை அப்கிரேட் செய்யும்போது, வெளியார் தரும் மென்பொருள் களஞ்சியங்களை அது முடக்கிவிடும். அங்கிருந்து வந்த மென்பொருள் இருக்கும், ஆனால் புதுப்பிப்பு வராது. 24.04-க்கு உரிய களஞ்சியம் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் திரும்ப இயக்க வேண்டும். பழைய பதிப்பின் முகவரியோடு அப்படியே இயக்கினால் ஒன்றோடொன்று பொருந்தாத பொதிகள் வந்து சேரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அப்கிரேட் முடிந்ததும் கிட் கூட இயங்காமல், "இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்" என்று வருவதுண்டு. கமாண்ட் லைன் டூல்ஸை மறுபடியும் நிறுவினால் போதும். பிறகு 'பிரூ டாக்டர்' என்று தட்டினால், எங்கே என்ன கோளாறு என்று ஹோம்பிரூவே பட்டியல் போட்டுக் காட்டும். பழைய இன்டெல் மேக்கிலிருந்து எம்1 போன்ற ஆப்பிள் சில்லுக்கு எல்லாவற்றையும் நகர்த்தியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹோம்பிரூவின் இருப்பிடமே மாறிவிட்டது. இன்டெல்லில் 'யூஎஸ்ஆர்/லோக்கல்', ஆப்பிள் சில்லில் 'ஆப்ட்/ஹோம்பிரூ'.

"நான் கணினித் துறை மாணவன் இல்லையே, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புள்ளியியல், கணக்கியல், உயிரியல் என்று எல்லாத் துறைகளிலும் இன்று பைத்தானோ ஆர் மொழியோ பாடத்தில் வந்துவிட்டது. கார் ஓட்டுகிறவர் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். ஃபார்மேட் என்றுமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வைரஸ் கடுமையாகத் தாக்கினால் சில நேரம் வேறு வழி இருக்காது. முதல் வேலையாக அதைச் செய்வதைத்தான் தவறு என்கிறேன்.

மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாய் வழியில் இடைநிலைப்பள்ளி முடித்து வருகிற நமக்கு, கறுப்புத் திரையில் ஆங்கிலம் கொட்டினால் கண் தானாக அதைத் தாண்டிப் போகிறது. ஆனால் பிழைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். 'நாட் ஃபவுண்ட்' என்றால் தேடிய இடத்தில் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றால் அனுமதி இல்லை. 'டிபெண்ட்ஸ்' என்றால் இன்னொன்று தேவைப்படுகிறது. 'கான்ஃப்லிக்ட்' என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கணினியில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டவர்கள் பிறந்த மண்ணில், பிழைச் செய்தியைப் பார்த்து நாம் மிரள வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. அறிமுக வாரத்தில் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். காப்பு எடுப்பது, பிழைச் செய்தி படிப்பது, தனிச் சூழல் உருவாக்குவது, இந்த மூன்றும் போதும். விரிவுரையாளர்கள் இடுபணி கொடுக்கும்போது எந்தப் பைத்தான் பதிப்பு, எந்தெந்தப் பொதிகள் என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கலாம். பைத்தான் 3.12-இல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியே நீக்கப்பட்டுவிட்டது. அதை நம்பியிருந்த சில பழைய பொதிகளை இப்போது நிறுவவே முடியாமல் போகிறது. அது மாணவர் குற்றமில்லை. தமிழ் மாணவர் கழகங்கள் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, மூத்த மாணவர்கள் இளையவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். செய்து கொடுக்க வேண்டாம், செய்ய வைத்தால் போதும்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை உண்டு. தேர்வு வாரத்திலும் இடுபணி ஒப்படைக்கும் வாரத்திலும் அப்கிரேட் செய்யாதீர்கள். செய்வதற்கு முன் கோப்புகளை வெளி வட்டில் சேமியுங்கள். 'பிப் ஃப்ரீஸ்' அல்லது 'பிரூ பண்டில் டம்ப்' மூலம் நிறுவியிருப்பவற்றின் பட்டியலை எடுத்து வையுங்கள். பட்டியல் இருந்தால் திரும்ப நிறுவுவது அரை நாள் வேலைகூட இல்லை. பிழை வந்தால் பேக்கேஜ் மேனேஜரை முதலில் புதுப்பித்துப் பாருங்கள். பிறகு பிழைச் செய்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் நிதானமாகப் படியுங்கள். பிறரிடம் கேட்பதானால் பாதித் திரைப்படம் அனுப்பாமல் முழுச் செய்தியையும் எழுத்தாக அனுப்புங்கள். புரியாத கட்டளையை மட்டும் ஒட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் சரியாகவில்லையா? அப்போது கடைக்குப் போகலாம். அதற்குள் உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கும். என்ன கோளாறு என்று கடைக்காரரிடம் உங்களாலேயே சொல்லவும் முடியும்.