மேப்பைத் திறந்தால் வேலை தெரியும்!

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் 'பெரியவனாகி என்ன ஆகப்போறே?' என்று கேட்டால் டாக்டர், டீச்சர், போலீஸ்... அவ்வளவுதான். பார்த்த வேலையைத்தானே சொல்ல முடியும்?

2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் வழிகாட்டுகிறது. அதற்குள் 'நமக்கெல்லாம் எங்கே?' என்று பல பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஹைடெக் லேப் வந்துவிட்டது. வாரம் ஒரு பீரியட் போதும். மேப்பில் கடலூர் துறைமுகத்திலிருந்து தெற்கே நகர்த்துங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு. மேற்கே நெய்வேலி சுரங்கம். அங்கெல்லாம் யார் வேலை பார்க்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று பிள்ளைகளே தேடட்டும்.

அப்பாவிடம் கேட்டுக் கற்ற கடலே ஒரு படிப்பு என்று மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அன்று புரியும். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் போனிலேயே தொடங்கலாம்!