வானத்துக் கங்காணியைச் சுடலாமா?

பல்லடம் ரோட்டோரத்து டீக்கடைப் பெஞ்சிலே இப்போது ஒரு புது விவாதம். "என் தோட்டத்துக்கு மேலே ட்ரோன் வந்தால் சுட்டுத் தள்ளுவேன். என் மண், என் வானம். கேட்க எவனுக்கு உரிமை?" என்று மார் தட்டுகிறார் தோட்டக்காரர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொந்த மண் கிடையாது. துப்பாக்கியும் கிடையாது. லைன் வீட்டில் ஒரே ஓர் அறை, அதுவும் வாடகை. அவருடைய தலைக்கு மேலே ட்ரோன் வந்து நின்றால் அவர் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தச் சட்டப் பேச்சும் உழைப்பாளி மக்களுக்கு உதவாது.

சட்டம் யார் பக்கம்?

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மண் யாருடையதோ, அதற்கு மேலே ஆகாயம் வரையும் கீழே பாதாளம் வரையும் அவனுடையதே என்பது ஐரோப்பியச் சொத்துடைமைக்காரர்களின் பழைய நியாயம். ஆகாய விமானம் வந்ததும் அந்த நியாயம் மூலதனத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது. உடனே சட்டமும் மாறியது. இந்தியாவில் 1934-ம் வருஷத்து விமானச் சட்டம், நியாயமான உயரத்தில் விமானம் பறந்தது என்பதற்காக மட்டும் நிலக்காரன் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்று எழுதி வைத்தது. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதனால் நிலக்காரனுக்குப் புதிய உரிமை எதுவும் வந்துவிடவில்லை.

ட்ரோனுக்கென்று தனி விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. வரைபடத்திலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டியதில்லை. கீழே இருக்கிற நிலக்காரனின் சம்மதம் வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரி கிடையாது. நிலக்காரனுக்கே இந்தக் கதி என்றால், அந்த நிலத்தில் குனிந்து களை எடுக்கும் கூலிப் பெண்ணைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

சரி, சுடலாமா? கூடாது! சுடலாம் என்று நமது நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சொத்தைக் காக்கும் தற்காப்பு உரிமை என்று ஒன்று உண்டு. ஆனால் போலீசுக்குச் சொல்ல அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் சேதம் செய்யவும் அது இடம் தராது. மேலே சும்மா பறந்து போகிற ட்ரோன் திருடனும் அல்ல, கொள்ளைக்காரனும் அல்ல. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவரும் அதன் நிபந்தனைகளை மீறிச் சுட்டால் ஆயுதச் சட்டத்தில் சிக்குவார். மேலே போன குண்டு கீழே வந்தாக வேண்டும். அது யார் தலையில் விழும்? பக்கத்துக் காட்டில் வேலை செய்கிறவர் தலையில்தான்.

இப்போது தண்டனையை ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரோன் விதிகளை மீறிப் பறக்க விட்டவனுக்கு அந்த விதிகளின்படி அபராதம் ரூ. 1 லட்சத்துக்கு மேல் போகாது. அந்த ட்ரோனை உடைத்தவன் கதை என்ன? 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தின் 324-ம் பிரிவுப்படி, 1 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நஷ்டம் விளைவித்தால் 5 வருஷம் வரை சிறை. மனிதனை எட்டிப் பார்த்தால் அபராதம். யந்திரத்தைத் தொட்டால் சிறை! யாருடைய பெட்டியைக் காக்கப் பிறந்த சட்டம் இது என்று விளக்கவும் வேண்டுமா?

அமெரிக்காவைக் காட்டுகிறவர்களுக்கு

"அமெரிக்காவிலே ஒருவன் சுட்டான், கோர்ட் விட்டுவிட்டது" என்று டீக்கடையில் சொல்லுகிறார்கள். உண்மைதான். 2015-ல் கென்டக்கி மாகாணத்தில் வீட்டுக்கு மேலே வந்த ட்ரோனை ஒருவர் வேட்டைத் துப்பாக்கியால் சுட்டார். உள்ளூர்க் கோர்ட் வழக்கைத் தள்ளியது. ஆனால் அது நாட்டுக்கே சட்டமாகிவிடவில்லை. விமானத்தைச் சேதப்படுத்துவது அங்கேயும் மத்திய சர்க்காரின் சட்டப்படி குற்றம்தான்.

பல்லடத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு வேறொன்று. அதுவும் கோழிப்பண்ணை வழக்கு! அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சிறு கோழிப்பண்ணைக்கு மேலே யுத்த காலத்தில் ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. சுமார் 150 கோழிகள். பண்ணையே மூடப்பட்டது. 1946-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: வானம் முழுவதும் நிலக்காரனுக்கு என்ற பழைய பேச்சு இனி செல்லாது, ஆனால் நிலத்தை அனுபவிக்க முடியாதபடி தாழப் பறந்தால் அது நிலத்தையே பறித்ததற்குச் சமம், நஷ்ட ஈடு கொடு! அந்த வெற்றி துப்பாக்கியால் வரவில்லை. வழக்காடி வந்தது.

ஆனால் அதுவும் சொத்துக்காரனுக்குக் கிடைத்த நியாயம்தான். சொத்து இல்லாதவனுக்கு?

நமது கொங்கு மண்ணின் அனுபவம்

சிறு விவசாயியின் வானம் அவனுடையதல்ல என்பதை இந்த வட்டாரம் ட்ரோன் வருவதற்கு முன்பே அனுபவித்துவிட்டது. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நமது புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை வந்தது. எந்தச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள்ளே கோபுரம் நட்டார்கள்? 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தை! பட்டா விவசாயியின் பெட்டியில் இருக்கும். கம்பி அவன் தலைக்கு மேலே போகும். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. கேபிளைப் புதைத்துச் சாலையோரம் கொண்டு போ என்று கேட்டு 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். "என் மண், என் வானம்" என்று மார் தட்டும் நண்பரே! அன்று உங்கள் வானம் எங்கே போயிற்று?

துப்பாக்கிப் பேச்சையும் நிதானமாக யோசியுங்கள். இந்த நாட்டில் துப்பாக்கி யார் கையில் இருந்திருக்கிறது? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் அது நிலப்பிரபுக்களின் அடியாட்கள் கையில் இருந்தது. அரைப்படி நெல் அதிகம் கேட்ட குற்றத்துக்கு 44 உயிர்கள் குடிசையில் கருகின. 1970 ஜூன் 19-ல் நமது பெருமாநல்லூரில் அது போலீஸ் கையில் இருந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூவர் பிணமானார்கள். 2018 மே 22-ல் தூத்துக்குடியிலும் போலீஸ் கையில்தான் இருந்தது. "சுடும் உரிமை" என்று ஒன்று வந்தால் அது லைசென்ஸ் உள்ளவனுக்கே வரும். பண்ணையாளுக்கும் பனியன் தொழிலாளிக்கும் வராது. அப்படி ஓர் உரிமையை நாம் கேட்கக் கூடாது.

கண் எங்கே பார்க்கிறது?

ட்ரோன் ஒரு கண். அந்தக் கண் எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்க மறுக்கிறது என்பதே விஷயம்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், திருப்பூர் மாவட்டத்துப் போலீஸ் ட்ரோன் ஒன்று மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்களைக் காடு மேடெல்லாம் துரத்தியது. ஓர் இளைஞர் கேரம் பலகைக்குப் பின்னே முகத்தை மறைத்தார். அந்தப் படத்துக்கு சினிமா நகைச்சுவை வசனம் ஒட்டி வெளியிட்டார்கள். நாடே சிரித்தது. ஊரடங்கை மீறினால் வழக்குப் போடலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஊர் சிரிக்க வைக்க எந்தச் சட்டம் உரிமை கொடுத்தது?

அந்தக் கண் நல்ல கண் என்றால், ராத்திரியில் நொய்யலில் சாயக்கழிவைத் திறந்து விடுகிறவன் தலைக்கு மேலே பறக்கட்டும்! சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட வேண்டி வந்ததே, ஏன்? பார்க்க வேண்டியவர்கள் பார்க்காததால். நாளைக்கே நமது சங்கம் ஒரு ட்ரோன் வாங்கி, பூட்டிக் கிடக்கும் அவசர வழிக் கதவைப் படம் பிடிக்க மில் காம்பவுண்டுக்கு மேலே பறக்க விட்டால் என்ன ஆகும்? அரை மணியில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். லைன் வீட்டுக்கு மேலே பறந்தால் வளர்ச்சி. மில்லுக்கு மேலே பறந்தால் அத்துமீறல்!

1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைக்கு ட்ரோன் இருந்திருந்தால், கேட்டில் நின்றவர் யார், கஞ்சித் தொட்டிக்கு அரிசி கொடுத்தவர் யார் என்ற பட்டியல் அன்றன்று மாலையே முதலாளிமார் மேஜைக்குப் போயிருக்கும். இது கற்பனைப் பயம் அல்ல. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் டில்லி நோக்கிப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகள் மீது ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. வேவு பார்த்த கண்ணுக்கு நகமும் முளைத்துவிட்டது!

விவசாயிகள் என்ன செய்தார்கள்? துப்பாக்கி எடுக்கவில்லை. பட்டம் விட்டார்கள்! நூலில் ட்ரோன் சிக்கட்டும் என்று சிறுவர் விளையாட்டைப் போராட்டமாக்கினார்கள். எங்கள் எல்லைக்குள் ட்ரோன் அனுப்பாதே என்று பட்டியாலா மாவட்ட நிர்வாகம் அம்பாலா நிர்வாகத்துக்கு எழுத வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்றதால்தான் அதிகாரியின் பேனாவும் அசைந்தது.

உரிமை நிலத்துக்கு அல்ல, மனிதனுக்கு!

ஆகவே நமது பாதை எது? யந்திரத்தோடு நமக்குப் பகை கிடையாது. விஷ மருந்தை முதுகில் சுமந்து தெளித்து நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளும் கூலித் தொழிலாளியின் வேலையை ட்ரோன் செய்யுமானால் நல்லதே. அவருக்கு மாற்று வேலையும் கூலியும் எங்கே என்று கேட்போம். யந்திரத்தை உடைப்பதோடு நிற்காமல், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்துகொண்ட நாளில்தான் தொழிலாளி வர்க்கம் வளர்ந்தது.

நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதில் சர்க்கார் தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவும் மீறக் கூடாது. கவனியுங்கள்: இந்த உரிமை பட்டாவுக்குக் கிடைத்ததல்ல, மனிதனுக்குக் கிடைத்தது! நிலமில்லாத கூலிக்கும், வாடகை லைன் வீட்டுக்காரருக்கும், மில் ஹாஸ்டலில் அடைபட்ட பெண்ணுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கும் அது உண்டு. தோட்டக்காரரின் "என் வானம்" என்ற கோஷத்தைவிட இது ஆயிரம் மடங்கு பெரிது.

காகிதத்தில் இருக்கும் இந்த உரிமையை வாங்கிக் கொடுப்பது சங்கம்தான். கல்லெறிய வேண்டாம். ட்ரோன் வந்தால் நாள், நேரம், இடம் குறியுங்கள். செல்போனில் படம் எடுங்கள். சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். பதிவு எண் என்ன, யார் அனுப்பினார்கள், எதற்காக என்று எழுத்து மூலம் கேட்போம். மனு பெற்றதற்கு ரசீதும் கேட்போம். பெண்கள் குளிக்கும் இடத்தையோ உடை மாற்றும் இடத்தையோ படம் பிடித்தவன் மீது புதிய குற்றவியல் சட்டத்தின் 77-ம் பிரிவுப்படி வழக்குப் போடச் சொல்லுவோம். முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

சர்க்காரிடம் நமது கோரிக்கைகள் இவை:

குடியிருப்புக்கும் ஹாஸ்டலுக்கும் மேலே தாழப் பறக்க, அங்கே குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். வீட்டுக்காரரின் சம்மதம் மட்டும் போதாது.

வேலைநிறுத்தத்தையும் ஊர்வலத்தையும் படம் பிடிக்கப் போலீஸ் ட்ரோன் விட்டால் எழுத்து மூல உத்தரவு வேண்டும். அந்தப் படம் எந்த முதலாளியின் கைக்கும் போகக் கூடாது.

ட்ரோனிலிருந்து மக்கள் மீது எந்தக் குண்டும் போடக் கூடாது.

நொய்யலின் கழிவையும் மில்களின் அவசர வழிகளையும் அதே கண்ணால் பார்த்து, பார்த்ததை ஊரறிய வெளியிட வேண்டும்.

தோட்டக்கார நண்பரே! துப்பாக்கியை உறையில் போடுங்கள். மின்கோபுரத்தின் கீழே நீங்கள் தனியாக நின்றபோது தோற்றீர்கள். உங்கள் காட்டில் வேலை செய்கிறவரும், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கும் பனியன் தொழிலாளியும் கூட நின்றால் சேர்ந்தே ஜெயிக்கலாம். அவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்துவிட்டு இந்த மகஜரில் முதல் கையெழுத்துப் போடுங்கள்.

மண்ணைப் பறித்தவர்கள் வானத்தையும் பறிக்க வந்திருக்கிறார்கள். ஒற்றைத் துப்பாக்கிக்கு அவர்கள் அஞ்ச மாட்டார்கள். ஒன்றுபட்ட கைகளுக்கே அஞ்சுவார்கள்!