ஒலிநாடாவைக் குப்பையில் போடுமுன் சற்றே சிந்திப்போம்!



அண்மையில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் கலந்துகொண்ட கூட்டமொன்றில், பண்டக அறையைத் துப்புரவு செய்வது பற்றிப் பேச்செழுந்தது. மூலையில் கிடந்த இரண்டு பெட்டி ஒலிநாடாக்களை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "பழைய பாட்டு, பசங்க கத்துன ராப்பு. தூக்கிப் போடுங்க சார்" என்று மற்றொருவர் முடித்து வைத்தார். எவரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

'கத்தல்' என்று ஒதுக்கப்பட்ட இசையைப் பிற நாட்டார் என்ன செய்தனர் என்பதை முதலில் பார்ப்போம். 1976, 77ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் 'பங்க்' என்னும் இசை எழுந்தது. முறையாக இசை பயிலாத இளைஞர்கள் பலர், வேலையின்மையையும் சலிப்பையும் உரத்த குரலில் பாடினர். பெற்றோர் பதறினர், நாளேடுகள் சாடின. 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் பாடலொன்றை 1977இல் பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்பாடலை முதலில் அச்சிட்ட நிறுவனம், குழுவோடு செய்த ஒப்பந்தத்தை ஒரே வாரத்தில் முறித்து, இசைத்தட்டுகளை அழித்தது. எஞ்சிய ஒருசில தட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் பல்லாயிரம் பவுன் கொடுத்து வாங்குகின்றனர்.

விலையைக் காட்டி உங்களை மயக்க நான் வரவில்லை. அதைவிடச் சிறந்த செய்தி ஒன்று உண்டு. மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' குழுவினர் 1977 சனவரியில், சுமார் 500 பவுன் கடன் வாங்கி, முதலில் ஆயிரம் படிகளே கொண்ட இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டனர். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதைக்கூட உறையில் அச்சிட்டனர். தட்டை வாங்கியவர்கள் உறையையும் சேர்த்தே பாதுகாத்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, 2016இல், பிரிட்டிஷ் நூலகமே பங்க் இசைக்காக ஒரு கண்காட்சி நடத்தியது. அன்று யாரோ ஒருவர் "தூக்கிப் போடுங்க" என்ற சொல்லுக்குச் செவிசாய்க்காததால் அல்லவா இது இயன்றது?

வெள்ளையருக்கு வசதி உண்டு, நமக்கேது என்பீர்களோ? செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தார். பேராசிரியர் அல்லர். நூல்களோடு, பிறர் எறிந்துவிடும் துண்டறிக்கை, அழைப்பிதழ் போன்றவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், அந்தத் தொகுப்பைக் கொண்டே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் அதை நாடுகின்றனர்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? 1998இல் 'பொயட்டிக் அம்மோ' குழுவின் முதல் தொகுப்பு வந்தது. மலேசிய இளைஞர்கள் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீசு ஆகிய மொழிகளில் சொல்லிசை படைத்தனர். 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' கடல் கடந்து தமிழ்நாட்டு இளைஞரையும் ஈர்த்தது. இவை பெயர் பெற்றவை, எப்படியும் பிழைத்துக்கொள்ளும். என் கவலை பெயர் பெறாதவற்றைப் பற்றியது.

எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தானை அடுத்தது. 1995இல் என் அண்ணனும் நண்பர்களும் கோயில் திருவிழாவுக்காக ஓர் இசைக்குழு அமைத்தனர். இரவல் கித்தார், ஒரு டிரம், இரட்டை நாடாப் பெட்டி. ஐந்து பாடல்களைப் பதிவு செய்து முப்பது நாடாக்கள் படியெடுத்தனர். அவற்றில் ஒன்று விடியற்காலைப் பெரட்டைப் பற்றியது. தண்டலும், கிராணியும், மங்கும் அதில் வருவார்கள், வரும். கேலியும் இருந்தது, கண்ணீரும் இருந்தது.

2003இல் நான் புதிய ஆசிரியன். சொல்வதெழுதுதல் பயிற்சிக்கு ஓர் ஒலிநாடா தேவைப்பட்டது. கையில் கிடைத்ததை எடுத்துப் பதிவு செய்தேன். சென்ற ஆண்டு அண்ணன் கேட்டார், "தம்பி, அந்த நாடா ஒங்கிட்டதானே இருக்கு? மத்தவங்கள்ட்ட ஒன்னும் மிஞ்சல." தேடி எடுத்து ஓட்டினேன். என் குரல் ஒலித்தது: 'முற்றுப்புள்ளி. அடுத்த வாக்கியம்.' அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டிக் கேட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இடிந்தன, மக்கள் நகரங்களுக்குச் சிதறினர். பெரட்டுக் களத்தின் பெயரைக் கூட அறியாத பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். அதைப் பாட்டாக வைத்திருந்த நாடாவை அழித்தவனும் நானே.

"அவற்றில் தமிழ் சிதைந்திருக்கிறதே" என்று தமிழன்பர்கள் சினம் கொள்வர். நானும் கலப்பு மொழியை விரும்பாதவன்தான். ஆயினும், பாதுகாப்பது வேறு, பாராட்டுவது வேறு. மாணவனின் பிழை மலிந்த ஏட்டையும் நாம் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறோமேயன்றிக் கிழித்தெறிவதில்லை. தரம் பார்க்க நாளை ஆய்வாளர் வருவர். அவர்கள் பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டாமா?

"தேசிய நூலகம் பார்த்துக்கொள்ளும்" என்பர் சிலர். வெளியிடப்படும் ஒலிப்பதிவுகளை அங்கே ஒப்படைக்க வேண்டுமென 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது மெய்தான். ஆனால், திருவிழாக் கூட்டத்தில் கைக்குக் கை மாறிய முப்பது நாடாக்களைத் தேடி எந்தச் சட்டமும் நம் வீட்டு வாசலுக்கு வராது. நாம்தான் தேட வேண்டும்.

செய்யக் கூடியவை எளியவையே:

1. நாடா வெளியே தெரியும் விளிம்புக்கு எதிர்ப்புறத்தில் இரண்டு சிறு நெகிழித் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன்பின் அதன்மேல் எவரும் தவறிப் பதிவு செய்ய இயலாது.

2. பூஞ்சணம் படர்ந்த நாடாவை ஓட்டாதீர்கள். அது கருவிக்கும் பிற நாடாக்களுக்கும் பரவும். தனியே எடுத்து வைத்து, அறிந்தவரிடம் கொடுங்கள்.

3. நல்ல நாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது சுருக்கப்படாத கோப்பாகச் சேமியுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றியபின் மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள்.

4. பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதை எழுதி வையுங்கள். விவரமில்லாத ஒலி, பெயர் எழுதாத விடைத்தாளுக்கு ஒப்பாகும்.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், தஞ்சோங் காராங் எனச் சுற்றுவட்டாரத்தில் அலமாரிகளின் அடியில் இன்னும் எத்தனை பெட்டிகள் உறங்குகின்றனவோ! பாடியவர்களுள் பலர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.

அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லையே? மறுநாள் காலை சென்று, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஒன்றைக் குப்பை வண்டி எடுத்துச் சென்றுவிட்டது. மற்றொன்று இப்போது என் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்