புள்ளியும் கல்லும்

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "சுத்தமான ஜாதிதானே?" என்பது. விற்பவரும் வம்சாவளிக் காகிதத்தை எடுத்து நீட்டுகிறார். அந்தச் சுத்தமே ஒரு ஜாதிக்குத் தொல்லையாய் முடிந்த கதையை இந்த வாரம் சொல்லுகிறோம்.

வெள்ளை மேனியில் கறுப்புப் புள்ளி தெளித்தாற்போன்ற டால்மேஷியன் நாயை நேயர்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பார்கள். மற்ற நாய்களின் உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. டால்மேஷியனின் கல்லீரலுக்கும் அந்தச் சக்தி உண்டு. ஆனால் அமிலம் உள்ளே நுழையும் வாசல்தான் பழுது. ஆகவே அது அப்படியே மூத்திரத்தில் இறங்கிச் சில நாய்களுக்குக் கல்லாக உறைகிறது. ஆண் நாய்க்கு மூத்திரத் துவாரம் குறுகலானது. அதிலே கல் அடைத்துக்கொண்டால் சொட்டு நீரும் இறங்காமல் துடிக்கும்; உடனே சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குறை ஜாதி முழுவதிலும் ஊறிவிட்டது. நல்ல நாயாகப் பொறுக்கி இணை சேர்க்கலாமென்றால், பொறுக்குவதற்கு ஒன்றுகூட இல்லை! எனவே 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியல் நிபுணர், ஒரு டால்மேஷியனைப் பாயிண்டர் என்னும் வேட்டை நாயுடன் ஒரே ஒரு தடவை சேர்த்தார். பிறந்தவற்றில் அமிலம் குறைந்த குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடேயே சேர்த்து வந்தார். அந்நிய ரத்தம் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகத் தேய்ந்தது, ஆரோக்கியம் தேயவில்லை.

1981-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் ஐந்தாம் தலைமுறை நாய்கள் இரண்டைப் பதிவு செய்தது. உடனே கிளம்பிற்று ஆட்சேபம்! ரத்தம் கலந்துவிட்டது என்று டால்மேஷியன் சங்கத்தார் எதிர்க்கவே, பதிவு நின்றது. புள்ளியின் அழகைப் பார்த்த கண்களுக்கு நாய் படும் அவஸ்தை தெரியவில்லை போலும். 2008-ல் பழுதான மரபணு இன்னதென்று கண்டுபிடித்தார்கள். பதிவேடு மறுபடி திறந்ததோ 2011-ல். முப்பது வருஷம்!

தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து நல்ல மரபணு ஒன்று வந்தால் போதும், குட்டி தப்பிக்கும். இதை அறியச் சோதனை இருக்கிறது. வம்சாவளிக் காகிதத்தோடு அந்தச் சோதனைக் காகிதத்தையும் கேட்க வேண்டும். பழைய வம்சத்து நாயை வளர்ப்பவர்கள் நிறையத் தண்ணீர் கொடுப்பதும், ஈரல் முதலிய மாமிசத்தைத் தவிர்ப்பதும் நல்லது. பிறவிச் செவிடும் இந்த ஜாதியில் அதிகம். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் போதாது. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும்.