தார் இராட்டையும் சிவகாமியும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

ஆரணிக்கு அருகே பூசிமலைக்குப்பத்துக் காட்டில் ஜாகிர்தார் கட்டிய மாளிகை ஒன்று பாழடைந்து நிற்கிறது. ஆங்கில நங்கை ஒருத்தியின்பால் கொண்ட காதலால் அவர் அதை எழுப்பினார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மிகுந்த சுவையோடு கதை சொல்வார்கள். வியப்பு என்னவென்றால், அதே பெரியவர்கள்தாம் வயதுவந்த பெண் ஒருத்தி காதல் நாவலைக் கையில் எடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். ஜாகிர்தார் காதலித்தது ஊருக்குப் பெருமை. நாங்கள் காதல் கதையைப் படிப்பதுகூடக் குற்றமாம்!

காதல் நாவல்கள் பெண்களைக் கெடுக்கும் என்னும் கூற்றை மறுத்து நான்கு வார்த்தை எழுத விழைகிறேன். நான் இலக்கிய மாணவி அல்லேன். பிழையிருப்பின் தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் பாதி தறிக்கு, மீதி எங்களுக்கு. குழித்தறியில் அப்பா நெய்வார்; அம்மா நடையில் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்றுவாள். நான் பேருந்திலிருந்து இறங்கி வந்ததும் இராட்டை என் கைக்கு மாறும். அம்மா அடுப்படிக்குப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் படிப்பதெல்லாம் கதாநாயகிகளுக்கு வாய்த்தது. நான் படித்தது உலை கொதிக்கும் நேரத்தில், குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில். 'உதரிங் ஹைட்ஸ்' எழுதிய எமிலி பிராண்டி, அடுக்களையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது எதிரே ஜெர்மன் புத்தகத்தைத் திறந்து சாய்த்து வைத்திருப்பார் என்று திருமதி காஸ்கல் 1857-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அதை அறிந்த அன்று எனக்கு ஏதோ உறவுக்காரி கிடைத்தது போலிருந்தது.

சென்ற ஆண்டு கிளை நூலகத்திலிருந்து 'சிவகாமியின் சபதம்' எடுத்து வந்தேன். கல்கி 1944 முதல் 1946 வரை தம் இதழில் தொடராக எழுதியது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். "அப்படி இன்னாடி இருக்குது அதுல?" என்று கேட்டாள். உரக்க வாசிக்கத் தொடங்கினேன். காஞ்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். சிவகாமியோ சிற்பி ஆயனரின் மகள், கைவேலைக்காரர் வீட்டுப் பெண். அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. அஜந்தாவின் அழியா வர்ண இரகசியத்துக்காக ஆயனர் ஏங்கும் இடம் வந்தபோது தறியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "அந்தச் சாயம் கெடைச்சுதா?" சாயம் நிற்பதும் வெளுப்பதும் பட்டு நெய்பவருக்குச் சோற்றுப் பிரச்சினையல்லவா! கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் போட்டுப் பசை நீக்கினால் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும் என்பதை, செரிசின் என்ற பெயரைக் கல்லூரியில் கேட்பதற்கு முன்பே அவரிடம் கேட்டவள் நான்.

இவ்வாறு கதை நடந்துகொண்டிருக்கையில், அடுத்த தெருப் பெண் ஒருத்தி மனத்துக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். மறுநாளே பெரியப்பா வந்தார். "கதைப் புத்தகம் படிக்கிற பொண்ணு ஊட்ல தங்காது, தம்பி" என்றார். காஞ்சிபுரத்தில் ஒரு வரன் இருப்பதாகவும், படிப்பு இத்துடன் போதுமென்றும் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை புத்தகமும் நூலக அட்டையும் பரணுக்குப் போயின. நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கல்லூரியும் பரணேறிவிடும் என்ற அச்சம். ஓடிப்போன அந்தப் பெண் கதைப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். யாரிடம் சொல்வது?

பத்து நாள் கழிந்தது. ஒருநாள் இரவு அம்மா இராட்டையை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணை வாதாபியில உட்டுட்டு வந்த மாதிரியே இருக்குது. எடுத்துக் குடுங்க" என்றாள். அப்பா முக்காலி போட்டு ஏறினார். நூலகத்தில் அபராதம் கட்டியது வேறு கதை.

மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்திருப்பதையும், சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைத்துவிடுவதையும் வாசித்தபோது என் தொண்டைதான் அடைத்தது, அம்மா அழவில்லை. "உனக்கு இன்னா வேணும்னு யாராவது ஒருத்தர் அவளைக் கேட்டாங்களா? அப்பன்காரனுக்குச் சாயமே கண்ணுல நின்னுது" என்றாள். தறியில் நாடா நின்றது. பின்னர் மீண்டும் ஓடியது.

காஞ்சிபுரத்தார்க்கு அப்பா சொல்லி அனுப்பிய பதில், "பரீட்சை எல்லாம் முடியட்டும்" என்பது. அடுத்த ஆண்டுக்குப் பின் என்ன என்று யாரும் பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள், காதல் நாவல் எங்கள் வீட்டில் எதைக் கெடுத்தது? இந்நூல்களில் காதலைவிட மிகுதியாக இருப்பது வீட்டுக் கணக்கு என்பது என் எண்ணம். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால் தகப்பன் சொத்து ஓர் உறவுக்காரனுக்குப் போகும். அங்கே மாப்பிள்ளை தேடும் பதற்றமெல்லாம் அதனால்தான். பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமாயிற்று. நாடு முழுவதற்கும் 2005-இல். எங்கள் வீட்டில் பங்கிட நிலமில்லை, ஒரு தறிதான் உண்டு என்றாலும், அந்தப் பதற்றம் எனக்கு அந்நியமாகப்படவில்லை. தமிழில் லக்ஷ்மி, மருத்துவரான அவர், மாமியார் வீட்டு அடுக்களையின் புழுக்கத்தை எழுதியதும் அத்தகையதே.

குறையும் சொல்ல வேண்டும். கதைகளில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பட்டுப்புடவை சரசரக்கிறது. நெய்தவர் வீட்டில் எத்தனை இரவு விளக்கு எரிந்தது என்று கேட்ட கதாநாயகி ஒருத்தியையும் நான் இதுவரை காணவில்லை. கதாநாயகர்களும் குறையே இல்லாதவர்களாக இருந்து சலிப்பூட்டுகிறார்கள்.

நூலக அட்டை இப்போது நாட்காட்டியின் பின்னால் செருகியிருக்கிறது. அம்மாவுக்கு நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வாசித்து வருகிறேன். தகப்பனை இழந்து தம்பிகளையும் தங்கையையும் காப்பாற்றும் பூரணியை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அரவிந்தனை அதைவிடப் பிடித்துவிட்டது. அவன் இறந்துவிடுவான் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.