அரங்கேறிய மகளிர்: ஒரு தாயின் எண்ணங்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தாத தமிழ் விரிவுரையாளர் இலர். அரங்கின் நீளம், அகலம், உயரம், மூவகை எழினி, ஆடலாசிரியன் தொடங்கி யாழாசிரியன் ஈறாக ஒவ்வொருவருக்கும் வேண்டிய தகுதி என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவோம். தேர்விலும் அவற்றையே வினாவாக்குவோம். ஆனால் அந்த அரங்கின் நடுவே நிற்கும் சிறுமியை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு இடைவிடாது உழைத்து, பன்னிரண்டாம் வயதில் சோழமன்னன் முன்னிலையில் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றாள் மாதவி என்று இளங்கோவடிகள் கணக்கு வைத்துச் சொல்கிறார். ஏழாண்டு என்பது சிறு காலமன்று. இன்று ஒரு பெண் ஆறாம் வகுப்பில் சேர்ந்து மேனிலைப் பள்ளியை முடிப்பதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, அத்தனை ஆண்டுகள். காப்பியத்தில் மாதவியின் அழகைப் பேசியோர் பலர்; கோவலனோடு அவள் கொண்ட ஊடலைப் பேசியோர் அதனினும் பலர். அந்த ஏழாண்டு உழைப்பைப் பேசியோரைத் தேடித்தான் காண வேண்டும்.

வகுப்பில் இதனைக் கூறிவிட்டு வீடு திரும்பிய ஒரு மாலையில், மேனிலைப் பள்ளியில் பயிலும் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "உம்மா, மாதவி ஆடினால் அது இலக்கியம், நம் தெருவில் ஒரு பெண் மேடையேறிப் பாடினால் மட்டும் அது ஊர்ப்பேச்சா?" நல்ல கேள்வி. தமிழ் பயிற்றும் தாய்க்கு அதனை ஒதுக்கிவிட உரிமையில்லை. இசை ஆகுமா, ஆகாதா, எந்த அளவில் ஆகும் என்னும் மார்க்கத் தீர்ப்பு என் துறையன்று. அதனை ஆலிம் பெருமக்கள் பேசட்டும். நான் பேச நினைப்பது வேறொன்று. பாடியும் ஆடியும் நடித்தும் புகழ்பெற்ற பெண்களிடமிருந்து ஒரு தாய் தன் மகளுக்கு எதனை எடுத்துச் சொல்ல வேண்டும்? நாம் எடுத்துச் சொல்லிவருவது சரியானதுதானா?

சரியன்று என்பதே என் கருத்து. இப்பெண்களின் துயரத்தை நாம் கதையாக்குகிறோம்; தொழிலை மறைத்துவிடுகிறோம்.

கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். 1908-இல் கொடுமுடியில் வறுமையான வீட்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாட்டைக் கொண்டு வயிறு வளர்க்க வேண்டிய நிலை. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து பாடி நாடெங்கும் புகழ்பெற்றார், அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று உடுத்த வெள்ளாடையை இறுதிவரை களையவில்லை. எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பட்டிமன்றங்களிலும் மலர்க் கட்டுரைகளிலும் இதுவரைதான் சொல்லப்படும். கேட்போர் கண்கலங்குவர். பேச்சாளர் அமர்ந்துவிடுவார்.

அதன்பின் அந்த அம்மையார் செய்தது என்ன? வீட்டினுள் அடைந்து கிடக்கவில்லை. 1935-இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியும் கெடவில்லை, தொழிலும் கெடவில்லை. அப்படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டோர் வியந்த தொகை. நாட்டு விடுதலைக்காக மேடைதோறும் பாடினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். 1953-இல் ஒளவையாராகத் தோன்றினார். 1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்து, நாம் பாடமாக நடத்தும் காப்பியத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்தார். கணவரை இழந்த பின் நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து 1980-இல் மறைந்தார். அந்த நாற்பத்தேழு ஆண்டுகளில் அவர் எவர் கையையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. வெள்ளாடையைப் போற்றுவோம், தவறில்லை. ஆனால் அந்த ஊதிய ஒப்பந்தத்தையும் உடன் போற்ற வேண்டாமா? பெண் ஈட்டியது பெண்ணுக்கே உரியது என்பது நமக்குத் திருமறை வகுத்துத் தந்த முறை. வணிகம் நடத்திய அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் போற்றும் சமுதாயத்துக்கு, பெண்ணின் ஊதியத்தைப் பேசுவதில் கூச்சம் எதற்கு?

இத்தகைய பெண்களின் வரலாறுகளைப் படிக்குந்தோறும் என் கண் மேடையில் நிற்பவரைவிட மேடைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரையே தேடுகிறது. தாயான பின்பு வந்த பழக்கம் இது. நாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தாயார் ஜயம்மாள் அத்தகையவர். வீணை தனம்மாளின் மகள். தாமே சிறந்த பாடகி. மேடை நாட்டியத்தைப் பழிப்பதே நாகரிகம் என்று கருதப்படத் தொடங்கிய காலத்தில், உற்றார் முகம் சுளித்தபோதும், தம் மகளைக் கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயில விட்டார். கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பு பேர்போனது. 1925-இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் பாலசரசுவதி அரங்கேறினார். பின்னர்ப் பல்லாண்டுகள் மகள் ஆட, பின்னிருந்து தாய் பாடினார். 1977-இல் பத்ம விபூசண் விருது மகளுக்கு வந்தது. ஒரு பதத்தின் ஓரடியைப் பல்வேறு வகையாக விரித்து அபிநயம் பிடிப்பதில் பாலசரசுவதிக்கு நிகரில்லை என்பர். எவ்வழியில் சென்றாலும் பின்னால் பாட்டு தவறாது வரும் என்ற துணிவு இல்லாமல் எவரும் அப்படி ஆட இயலாது. மகள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதை அறிந்து, அவளுக்கு முன்னே ஓடாமலும் பின்னே தங்கிவிடாமலும் பாடுவது எளிய செயலன்று. வீட்டில் மகளை வளர்க்கும் நமக்கே அந்த அளவு பிடிபடுவதில்லை.

வடக்கே இதுபோல் இன்னொரு தாயும் மகளும் இருந்தனர். தாய் முஷ்தரி பாய், கணவரால் கைவிடப்பட்டவர். மகள் அக்தரி, 1914-இல் பைசாபாத்தில் பிறந்தவர். கையில் பொருளில்லாத அந்தத் தாய் மகளை ஊர் ஊராக அழைத்துச் சென்று, உஸ்தாதுகளிடம் இசை பயில வைத்தார். 1934-இல் பீகார் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டோருக்காகக் கல்கத்தாவில் நடந்த கச்சேரியில் அக்தரி பாடியதைக் கேட்டு சரோஜினி நாயுடு அம்மையார் பாராட்டினார். இசைத்தட்டு, நாடகம், திரைப்படம் எனப் புகழ் பெருகியது. 1945-இல் இலக்னோவைச் சேர்ந்த பாரிஸ்டர் ஒருவரை மணந்தார். மணத்தோடு பாட்டு நின்றது. கண்ணியமான குடும்பத்து மருமகள் பாடலாகாது என்பது அன்றைய வழக்கம். பல ஆண்டுகள் அக்குரல் வெளியில் கேட்கவில்லை. அவர் உடல்நலம் குன்றினார். பாடுவதே இவருக்கு மருந்து என்று சொல்லப்பட்டது. 1949-இல் இலக்னோ வானொலி நிலையத்துக்குச் சென்று மீண்டும் பாடினார். அதன்பின் நாடறிந்த பேகம் அக்தர் அவரே. கணவர் உடனிருந்தார், குடும்பத்தின் கண்ணியம் குலைந்ததாக எவரும் எழுதி வைக்கவில்லை. 1974-இல் அகமதாபாத்துக்குப் பாடச் சென்ற இடத்தில் நோயுற்று மறைந்தார். இலக்னோவில் தம் தாயின் அடக்கத்தலத்தை அடுத்தே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

மணமானவுடன் நின்றுபோன அந்தப் பாட்டை நினைக்கும்போது எனக்கு மூன்றாமாண்டு வகுப்பறை நினைவுக்கு வருகிறது. முதலாமாண்டில் வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயர்களுள் சில, மூன்றாமாண்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். யாப்பருங்கலக்காரிகையை ஒருமுறை விளக்கினாலே பற்றிக்கொண்ட மாணவி, நிக்காஹ் நிச்சயமான மறுவாரம் வருவதில்லை. தேர்வுக் கட்டணம் கட்டியும் எழுத வராதவரும் உண்டு. "மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள் டீச்சர்" என்று தாய்மார் வந்து சொல்லும்போது, அவர்கள் முகத்திலும் மகிழ்ச்சியைவிடத் தயக்கமே மிகுதியாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். மணம் வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள், நானும் சொல்லவில்லை. கற்று முடிக்கும் நிலையில் உள்ள ஒன்றை எட்டு மாதத்துக்கு முன் ஏன் அறுக்க வேண்டும் என்பதே என் வினா. முஷ்தரி பாய்க்கு இருந்த வசதி நமக்கு இருந்த வசதியில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

"அவர்கள் பழைய காலத்தவர், நம்மவரும் அல்லர்" என்று சொல்வோர் உளர். பேகம் அக்தர் நம்மவர் அல்லர் என்பது எந்தக் கணக்கிலோ தெரியவில்லை. போகட்டும். நம் காலத்திலேயே, நம் மாநிலத்திலேயே காலீஷாபி மகபூப் இருக்கிறார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்பவர். நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் மாணவி. கணவர் ஷேக் மகபூப் சுபானியும் அவரும் அருகருகே அமர்ந்து வாசிப்பர். 2020-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாகசுரம் மூச்சை விழுங்கும் கருவி. பெண்ணின் உடல் தாங்காது என்று நெடுநாள் சொல்லிவந்தனர். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் அம்மையார் அதனை முன்பே பொய்யாக்கினார். காலீஷாபி தொடர்ந்து பொய்யாக்கி வருகிறார். மணமான பின்பும் தாயான பின்பும் சீவாளியைக் கீழே வைக்காத பெண்மணி அவர். பேகம் அக்தர் இழந்துபோன ஆண்டுகளை இவர் இழக்கவில்லை. மணவாழ்வும் பயிற்சியும் ஒரே வீட்டில் இருக்க இடமுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவ்வளவும் சொன்னபின் தமிழ் படித்தவர் ஒருவர் எழுந்து என்னை மடக்கலாம். மாதவியைக் கொண்டு தொடங்கினீரே, அந்த மாதவியே தன் மகளை மேடைக்கு அனுப்பவில்லையே என்று. உண்மைதான். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுத் துறவு பூண்ட மாதவி, மணிமேகலையையும் உடன் அழைத்துக்கொண்டாள். இந்திர விழா வந்தது. ஆடலுக்கு இருவரையும் அழைத்துவருமாறு சித்திராபதி தோழி வயந்தமாலையை அனுப்பினாள். மாதவி மறுத்தாள். மணிமேகலை கண்ணகியின் மகள் என்றும், அவள் தவநெறிக்கே உரியவள் என்றும் கூறியனுப்பினாள். ஏழாண்டு பயின்று தலைக்கோல் பெற்றவள், தன் மகளுக்கு அதனை ஏன் மறுத்தாள்?

நான் படித்த அளவில், அவள் மறுத்தது ஆடலை அன்று. அரங்கேறிய அன்றே அவளுக்கு ஒரு விலை வைக்கப்பட்டது. அரசன் அளித்த ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையை நகர வீதியில் ஒரு கூனியின் கையில் கொடுத்து நிறுத்தினர். அதனை வாங்குபவர் மாதவியையும் கொள்வர். கோவலன் வாங்கினான். அவள் கற்ற கலை அவளுக்கு ஊதியமாகவில்லை. அவளை வாங்குவோர்க்கு விலைச்சீட்டாயிற்று. சித்திராபதி காக்க விரும்பியது அந்த விலையை. மாதவி மகளுக்கு மறுத்ததும் அந்த விலையைத்தான். பரிசு மாலை தன் கையிலேயே இருந்திருந்தால் அவள் என்ன முடிவு செய்திருப்பாள் என்று சாத்தனார் சொல்லவில்லை. ஓர் இலட்சம் ரூபாய் ஒப்பந்தத்தில் தாமே கையெழுத்திட்ட கொடுமுடி அம்மையாருக்கும் மாதவிக்கும் இடையே உள்ள தொலைவு இதுதான். மேடை ஒன்றுதான், மாலை யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

மகளிடமும் இதனையே சொன்னேன். பள்ளி முத்தமிழ் விழாவில் பாடு. வாப்பாவிடம் நான் பேசுகிறேன். ஆனால் விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் பாடிப் பார்ப்பது பயிற்சியாகாது, நாள்தோறும் வேண்டும் என்றேன். அவள் வாப்பா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்டார்.

இம்மலரைக் கையில் எடுக்கும் தாய்மாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூன்றாமாண்டு மகளுக்கு வரன் அமைந்தால் நல்லதே. நாள் குறிக்கும்போது பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறியுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அதனைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் துறைக்கு வாருங்கள். நாங்களே உடன் வந்து பேசுகிறோம்.