புகையிரதம் ஏறிய மலையில் இணையம் ஏறாததேன்?

மலைநாட்டுத் தோட்டங்களில் இணைய வசதி போதாமைக்குக் காரணம் வினவப்படும்போதெல்லாம் ஒரே விடைதான் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வருகின்றது. மலைகள் உயரமானவை, பள்ளத்தாக்குகள் ஆழமானவை, அலைகளை மலைகள் மறித்துக்கொள்கின்றன, ஆதலால் லயன்களுக்கு அவை எட்டுவதில்லை என்பதே அவ்விடை. கேட்பதற்கு விஞ்ஞானம் போன்றே இருக்கின்றது. அதிகாரிகள் சொல்கின்றனர், மேடையிலே அரசியல்வாதிகள் சொல்கின்றனர், தோட்டத்துப் பிள்ளைகளும் அதனை நம்பித் தாம் பிறந்த மலையையே நொந்துகொள்கின்றனர். இவ்விடை பொய்யானது என்பதற்கு வட்டகொடைப் புகையிரத நிலையம் ஒன்றே போதிய சாட்சியாகும்.

கண்டிக்கு 1867 இலும் நாவலப்பிட்டிக்கு 1874 இலும் வந்து சேர்ந்த இருப்புப்பாதை 1884 இல் ஹட்டனை அடைந்தது. அடுத்த ஆண்டே தலவாக்கலை, வட்டகொடை வழியாக நானுஓயாவைத் தொட்டுவிட்டது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் இன்றும் பயணிகளை வியக்க வைப்பது. கடப்பாரையும் வெடிமருந்தும் கூலிகளின் தோள்களுமே அன்றைய கருவிகள். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்ட முதலாளிகளுக்குக் கொழும்புத் துறைமுகம் விரைவாக வேண்டியிருந்தது. குடியேற்ற அரசாங்கம் மலையைக் குடைந்து கொடுத்தது. அன்றும் மலை உயரமாகவே இருந்தது. பின்னரும் என்ன? தலவாக்கலையில் அணை கட்டி, 150 மெகாவாட் வலுவுள்ள மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 2012 இல் இயங்கத் தொடங்கியபோது, மின்சாரத்தை மலையினின்று வெளியே கொண்டுசெல்வதற்கான கோபுரங்களை எந்தப் பள்ளத்தாக்கும் தடுத்ததில்லை. மலையிலிருந்து எதையேனும் கீழே இறக்க வேண்டுமெனின் வழி பிறக்கின்றது. மலைக்கு மேலே எதையேனும் ஏற்ற வேண்டுமெனில்தான் புவியியல் குறுக்கே வந்து நிற்கின்றது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு 2020 ஆம் ஆண்டை நினைவூட்டல் தகும். அவ்வாண்டு மார்ச் மாதம் கொவிட் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. தேயிலைத் தோட்ட வேலைக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. மகள் படிக்கப் போகலாகாது, தாய் கொழுந்து பறிக்கப் போகலாம் என்பதே அவ்வேற்பாட்டின் நடைமுறைப் பொருள். 1883 முதல் கொழும்பில் நேருக்கு நேர் கூவி நடத்தப்பட்டு வந்த தேயிலை ஏலம், பாடசாலைகள் மூடப்பட்டு ஒரு மாதம் நிறைவதற்குள், 2020 ஏப்பிரலில் இணையத்துக்கு மாற்றப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம் சில வாரங்களில் மாறிற்று. வாங்குவோருக்கும் விற்போருக்கும் இணைப்பு இருந்ததா, கருவி இருந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் உடனுக்குடன் தீர்வு காணப்பட்டது.

அதே வாரங்களிற் பிள்ளைகளின் கல்வியும் இணையத்துக்கு மாற்றப்பட்டதாகக் கூறப்பட்டது. வாட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு, சூமில் வகுப்பு. தோட்டத்து வீட்டில் திறன்பேசி ஒன்று இருந்தால் அது தகப்பனுடையதாகவோ, கொழும்பிலே கடையில் வேலை செய்யும் அண்ணனுடையதாகவோ இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி. கருவி கிடைத்தால் ‘ரீலோட்’ இல்லை. ரீலோட் இருந்தால் ‘கவரேஜ்’ தேடி மேட்டுக்கோ பிரதான வீதிக்கோ ஏற வேண்டும். மழை பெய்தால் அதுவும் இல்லை. வட்டகொடையில் எத்தனை மாதம் மழை பெய்கின்றது என்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

ஊவாவிலே பிபிலைக்கு அண்மையிலுள்ள போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டினூடாகப் பாறையுச்சிக்கு ஏறிப் படித்த செய்தி 2021 இல் வெளிநாட்டு ஊடகங்களிலும் வெளிவந்தது. அது தேயிலைத் தோட்டமன்று. எனவே இது மலையகத் தமிழருக்கு மட்டும் இழைக்கப்பட்ட தனித்த தீங்கென்று எவரும் கூறார். ஆயினும் கிராமத்துக் குறைக்கும் தோட்டத்துக் குறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இப்பிரச்சினையின் வேர் அவ்வேறுபாட்டிலேயே கிடக்கின்றது.

கிராமத்தவர் பெரும்பாலும் தமது காணியில், தமக்கென அமைந்த முகவரியில் வாழ்பவர். கம்பி வேண்டுமெனில் விண்ணப்பிக்கலாம், கிடையாவிடின் முறையிடலாம். லயன் அறையில் வாழ்பவருக்கு அறையும் தோட்டத்துக்குச் சொந்தம், முற்றமும் தோட்டத்துக்குச் சொந்தம், முற்றத்துக்கு வரும் பாதையும் தோட்டத்துக்குச் சொந்தம். நெடுங்காலமாக அவருக்குரிய கடிதமும் நேரே அவர் கைக்கு வந்ததில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே கிடந்து, எவரேனும் எடுத்துக் கொடுத்தபோது கிடைத்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் வந்து சேர்ந்த கதைகள் தோட்டந்தோறும் உண்டு. இன்று நிலையான அகலப்பட்டை இணைப்புக்கு விண்ணப்பிப்பவரிடம் கேட்கப்படுவனவற்றுள் ஒன்று முகவரிச் சான்று. கடிதம் நின்ற இடத்திலேயே கம்பியும் நிற்கின்றது. காரியாலயத்துக்கு வந்த இணையம் லயனுக்கு இறங்குவதில்லை. சில தோட்டங்களிலே கொழுந்து நிறுக்கும் தராசும் மின்னணுத் தராசாகிவிட்டது. பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கு கணினியிற் பதிவாகின்றது. பறித்தவளின் பிள்ளை மேட்டிலே கையை உயர்த்திக்கொண்டு நிற்கின்றது.

ஆவணம் கேட்டு உரிமை மறுக்கும் வித்தை இம்மக்களுக்குப் புதிதன்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி, வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. நாடற்றோர் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. அன்று பிறப்புச் சான்று, இன்று முகவரிச் சான்று. இவ்வொப்பீடு மிகையென்று சிலர் கருதலாம். வாக்கை இழப்பதும் இணையம் கிடையாதிருப்பதும் ஒன்றல்ல என்பதும் சரியே. எனினும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வெளியாகின்றது. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் இணையத்தில் நிரப்பப்படுகின்றது. 2022 இல் எரிபொருள் பெறுவதற்கே கைத்தொலைபேசியில் கியூஆர் குறியீடு வேண்டியிருந்தது. அரசு தன் வாசலை இணையத்துக்கு மாற்றிக்கொண்டபின், அங்கே செல்ல வழியில்லாதவர் எவ்வாறு குடிமக்களாக நடமாடுவது?

மலை என்ற சாட்டு எடுபடாதபோது இலாபம் என்ற சாட்டு எடுத்தாளப்படும். ஏழைகள் வாழும் இடத்திற் கோபுரம் நட்டால் கம்பனிக்குக் கட்டுப்படியாகாது என்பர். இதுவும் ஆராயப்படாத கூற்றே. சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பதே செலவு மிக்க வேலை. லயன்களோ ஒரே கூரையின் கீழ் முதுகோடு முதுகாகப் பத்தும் இருபதுமாகக் குடும்பங்களை அடுக்கியவை. காற்றும் வெளிச்சமும் புகாத அந்நெருக்கம் தொழிலாளரின் உடல்நலத்தைக் கெடுத்த கொடுமை. கம்பி இழுப்பவனுக்கு மாத்திரம் அது வசதி. ஒரு கம்பத்திலிருந்து ஒரு லயன் முழுவதற்கும் இணைப்புக் கொடுக்கலாம். அதனைச் செய்யாதிருப்பதற்குக் கணக்குப் புத்தகம் காரணமாகாது.

உண்மையில் இம்மக்கள் இணையத்துக்குப் பணம் செலுத்தாதவர்கள் அல்லர். சந்திக் கடையிலே நூறும் இருநூறுமாக ரீலோட் செய்து, ஒரு நாளைக்கும் ஒரு வாரத்துக்குமான சிறு பொதிகளை வாங்குகின்றனர். அரிசியைச் சுண்டுக் கணக்கில் வாங்குபவன் மூடைக் கணக்கில் வாங்குபவனிலும் அதிக விலை கொடுக்கின்றான் என்பது தோட்டத்துக் கடைக்கணக்கு அறிந்த எவருக்கும் தெரிந்ததே. டேட்டாவும் அவ்வாறே. 2022 செப்தெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தப்பட்டன. 2024 தொடக்கத்திலே பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. கைத்தொலைபேசிகளும் அவ்வரிக்குள் அகப்பட்டன. நாட் சம்பளமோ 2021 இல் ஆயிரம் ரூபாவாகவும், நீண்ட இழுபறியின் பின் 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை இலங்கைக்கு வந்தபோது மலையகத்துக்கு விடிவு வந்ததென்று சிலர் எழுதினர். உபகரணத்தின் விலையே இலட்சம் ரூபாவைத் தாண்டியிருந்தது. அது துரை பங்களாவின் கூரைக்குப் பொருந்தும்.

‘லயன்களில் இல்லாத போனா? எந்நேரமும் டிக்டொக் பார்க்கின்றார்களே!’ என்று ஏளனம் செய்வோர் பல்கலைக்கழக வளாகங்களிலும் உண்டு. படித்தவரின் பிள்ளை படம் பார்த்தால் அது பொழுதுபோக்கு, தோட்டத்துப் பிள்ளை பார்த்தால் சீரழிவு என்பது எவ்வகை நீதியோ அறியோம். ஒரு நாட் பொதியிற் குறுங்காணொளி பார்க்கலாம். இரண்டு மணி நேர உயர்தரக் கணித வகுப்பைத் தடங்கலின்றிப் பார்க்க இயலாது. கிடைக்கும் இணைப்பு எதற்குப் போதுமோ அதற்கே அது பயன்படுகின்றது. ‘அறிவகம்’ என்ற பெயரில் அரசு நாடெங்கும் நிறுவிய கணினி நிலையங்கள் நல்ல முயற்சியே. 2014 இல் அத்திட்டத்துக்குப் பன்னாட்டு விருதும் கிடைத்தது. ஆனால் மாலை பெரட்டு முடிந்து, இருட்டிய பின் வீடு சேரும் தாய், பருவமடைந்த மகளை மூன்று மைல் தள்ளியுள்ள நிலையத்துக்கு அனுப்புவாளென்று எதிர்பார்ப்பது தோட்ட வாழ்வை அறியாதோர் செயலாகும்.

இது செய்யக்கூடியதா என வினவுவோர் தென்னமெரிக்காவின் உருகுவேயை நோக்கலாம். கால்நடையும் கம்பளியும் விற்றுப் பிழைத்த சிறிய நாடு அது. 2007 இல் ‘சேய்பல்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 2009 அளவில் அரசாங்க ஆரம்பப் பாடசாலை மாணவர் அனைவருக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கி, பாடசாலைகளுக்கு இணைப்பும் கொடுத்தது. தொற்றுக் காலத்திற் பள்ளிகள் மூடப்பட்டபோது அந்நாட்டுப் பிள்ளைகளிடம் கருவி ஏற்கெனவே இருந்தது. உருகுவே சமவெளி நாடு, இங்கே மலை என்று சொல்ல எவரேனும் வாய் திறப்பாராயின் அவர் மீண்டும் சிங்கமலைச் சுரங்கத்தைப் பார்த்து வரட்டும். அண்டையிலுள்ள கேரளத்தில் மலைத்தோட்டங்களும் உண்டு. அங்கே இணைய அணுகல் கல்வி உரிமையின் ஒரு கூறு என உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. 2023 இல் அரசே கண்ணாடி இழை வலையமைப்பொன்றைத் தொடக்கி வைத்தது. வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற அதன் இலக்கு எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விவாதம். இலக்கென்று ஒன்று வகுக்கப்பட்டதே, அதுவே இங்கில்லை.

இலங்கை அரசுக்கு இதிற் கைகட்டி நிற்க நியாயம் எதுவுமில்லை. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் அவை ஒப்படைக்கப்பட்டாலும் அவ்வொப்படைப்பு குத்தகையே, நிலம் அரசினுடையது. நிலவுடைமையாளன் குத்தகைக்காரனிடம், லயன்களுக்குக் கம்பி செல்ல வழி விடவேண்டும் என்று ஒரு விதி எழுதுவதற்கு எந்த வல்லரசின் அனுமதியும் தேவையில்லை. 7 பேர்ச் காணியும் தனி வீடும் வழங்கப்படும் திட்டங்களிலே, உறுதியோடு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொடுக்கப்படுமாயின் கடிதமும் கம்பியும் ஒருங்கே வாசலுக்கு வரும். இவற்றை வற்புறுத்த வேண்டியவை தொழிற்சங்கங்கள். சம்பள உயர்வுக்காக வீதியில் இறங்கியவர்கள் அவர்கள், அது மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஒவ்வொரு பேச்சுவார்த்தையும் நாட் சம்பளத்தோடு தொடங்கி நாட் சம்பளத்தோடே முடிகின்றது. அச்சம்பளத்தின் எத்தனையாவது பங்கு சந்திக் கடையில் டேட்டாவாகக் கரைகின்றது என்று எந்தச் சங்கம் கணக்கெடுத்துள்ளது? அடுத்த பேச்சுவார்த்தைக்குச் செல்லுமுன், நிகழ்ச்சி நிரலில் லயனுக்கான இணைப்பு எத்தனையாவது இலக்கத்தில் உள்ளது என்பதைச் சங்கத் தலைவர்கள் தம் அங்கத்தவர்க்கு அறிவிக்கட்டும்.